தாள் 2217, பின்பக்கம்

தண்ணீர்மலைச் சாலை முடியும் இடத்தில்
பத்தாம் எண் பேருந்து என்னை இறக்கிவிடும்.
குரங்குகள் யாருடைய ரொட்டிப் பையையோ கிழித்துக்கொண்டிருக்கும்.
அதைத் தாண்டினால் என் வேலை:
காய்ந்த செடிகளின் அறை,
பதினெட்டு பாகைக் குளிர்,
பாச்சை உருண்டை நெடி.
நாளைக்கு நாற்பது தாள் கணினியில் ஏற்ற வேண்டும்.
மூன்று மாத ஒப்பந்தம்.

இன்று 2217.
ஒரு கிளை, ஏழு இலை, சிறகு வைத்த காய் இரண்டு.
பழுப்பேறிய நூலால் காகிதத்தோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்,
புண்ணுக்குப் போட்ட தையல் மாதிரி.

கீழே ஒரு பெயர்ச்சீட்டு. அதன்மேல் இன்னொன்று.
அதற்கும் மேல் ஒன்று.
1889இல் ஒரு பேரினம்.
1931இல் அது வேறொரு பேரினத்துக்குள் மூழ்கியதாம்.
இந்தத் துறையில் அப்படித்தான் சொல்கிறார்கள், மூழ்கியது என்று,
கப்பலைச் சொல்வதுபோல.
போன வருடம் மரபணுவைப் பார்த்துவிட்டு மூன்றாவது பெயர்.
செத்த மொழியில் வைத்தால் பெயர் அசையாது
என்று நம்பித்தான் லத்தீனுக்குப் போனார்களாம்.
கிளை அசையவில்லை.
பெயர்தான் வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிறது.

ஒவ்வொரு பெயருக்கும் பின்னால்
வைத்தவரின் பெயர், சுருக்கி, ஒரு புள்ளி.
என் அடையாள அட்டையின் நடுவில் நிற்கும்
அனாக் பெரம்புவான் போல.
யார் பிள்ளை என்று கேட்காமல்
எந்த அரசாங்கமும் எந்த அறிவியலும்
எவரையும் உள்ளே விட்டதில்லை.

சேகரித்தவர்: ஜே. எச். டன்ஸ்டர் துரை.
அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்:
அறுபதடி மரம். கிளிங் ஒருவன் ஏறினான்.

தாளைத் திருப்பினேன்.
திருப்ப வேண்டியதில்லை, ஒப்பந்தம் முன்பக்கத்துக்கு மட்டும்தான்.
பென்சிலில், தமிழில், மூன்றெழுத்து:
மருதை.

மரமா? சிறகு வைத்த காயைக் கண்டு
எங்கள் ஆற்றங்கரை மருதுதான் இது என்று சொன்னானா?
ஊரா? மதுரையை அப்படிச் சொன்ன வாய்கள்
எஸ்டேட்டில் என் காதிலேயே விழுந்திருக்கின்றன.
ஆளா? அப்பாவின் லாரியில் கிளீனராக இருந்தவரும் மருதை.

கணினியில் மூன்று கட்டம்:
வட்டாரப் பெயர். இடம். சேகரித்தவர்.
ஒரு சொல்லுக்கு ஒரு கட்டம்தான்.

டாக்டர் ஸுரைடா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
விவரிப்பு இல்லாமல் பெயர் மட்டும் கிடந்தால்
அம்மணப் பெயர் என்போம், அது செல்லாது, என்றார்.
திட்டவில்லை. அது கலைச்சொல்.

தமிழ்ப்பள்ளியில் உயிரணு படித்தேன்.
இடைநிலைப் பள்ளியில் செல், கல்லூரியிலும் செல்,
எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு.
முதன்முதலில் அந்தச் சொல்லைச் சொன்னவர்
தக்கைச் சீவலில் வெறும் அறைகளைத்தான் பார்த்தாராம்,
உயிர் எப்போதோ காலி செய்துவிட்டுப் போன அறைகள்.
அதில் உயிரைக் கொண்டுவந்து ஒட்டிய தமிழர் யாரோ,
அவருக்கும் சீட்டு இல்லை.

மரத்துக்கு ஓரறிவு, தொட்டால் மட்டும் தெரியும்,
ஐந்தாம் வகுப்பில் ஒப்பித்தது.
அப்படியானால்
பெயர் வைத்த மூன்று பேரையும் அதற்குத் தெரியாது.
அவர்கள் தொட்டது காய்ந்த பிறகு.
அறுபதடி நீளத்துக்கும் அது அறிந்தது
ஒரு ஜோடி உள்ளங்கால்.

மணி நாலரை. பதினொரு தாள் பாக்கி.
மூன்று கட்டத்திலும் மருதை என்றே அடித்தேன்.
சிவப்புக் கோடு.
பிழையைத் திருத்தவும் என்றது, மலாயில்.
நாளைக்குப் பார்க்கலாம் என்று ஸுரைடா பாதி விளக்கை அணைத்தார்.

தாளை உறைக்குள் தள்ளும்போது
ஒரு காயின் சிறகு உடைந்து மேசையில் விழுந்தது.
உதிர்ந்ததைப் போட்டுவைக்கச் சின்னக் காகிதப் பொட்டலம் உண்டு.
அதன்மேல் எண் மட்டும்தான் எழுத வேண்டும்.
பென்சிலைச் சீவினேன்.